வானத்திலிருந்து இறங்கிய வைத்தியர்

ஐந்தருவியில் தண்ணீர் விழுவதைக் காண ஸீஸன் காலத்தில் ஜனங்கள் திரள் திரளாக வந்து குவிகிறார்கள். ஆகாயத்திலிருந்து மனிதர் குதித்த கதையோ, குதித்தவர் நம்மவராயிருந்தும், நமது வீடுகளில் பேசப்படுவதில்லை.

1941-ஆம் ஆண்டு அக்டோபரில் டில்லியில் இந்தியப் பாரசூட் படை ஆரம்பமாயிற்று. அப்போது முதன்முதலாகக் குதித்த இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152-வது பட்டாளத்தின் வைத்தியர் ஏ. ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அன்று அவர் அணிந்திருந்தது அந்நிய அரசாங்கத்தின் உடுப்பு. அதனால் அவருடைய தைரியமும் அந்நியனுக்குச் சொந்தமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குக் கொரியா யுத்தம் பதில் சொல்லிற்று. சுதந்திர இந்தியா அங்கே சண்டைக்குச் சேனை அனுப்பவில்லை. காயம்பட்டவர்களைக் காப்பாற்ற 60-வது பாரசூட் மருத்துவப் படையை அனுப்பிற்று. அதன் தலைவர் ரங்கராஜ். 1950 நவம்பரில் அவர்கள் கொரியாவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே பியாங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. வண்டி கிடையாது, மருத்துவச் சாமான்களைக் கைவிடவும் மனமில்லை. பழைய ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள்! 1951 மார்ச் 23-ந் தேதி, முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினரோடு அவர்களில் ஒரு சிறு குழுவும் விமானத்திலிருந்து குதித்தது. குதித்த இடத்திலேயே சத்திர சிகிச்சை நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படை அங்கே தொண்டு செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

கொரியர்கள் நன்றி மறக்கவில்லை. 2020 ஜூலை மாதத்தின் யுத்த வீரராக ரங்கராஜைத் தென் கொரிய அரசாங்கம் கௌரவித்தது. 2021 மார்ச் 26-ந் தேதி டில்லி கண்டோன்மெண்டில் இந்திய-கொரிய நட்புறவுப் பூங்கா திறக்கப்பட்டது. நமது பாதுகாப்பு இலாகாவும், கொரியத் தூதரகமும், கொரியா சென்று திரும்பிய இந்தியப் போர்வீரர் சங்கமும் கைகோத்து அதை அமைத்தன. அங்கே 60-வது படைக்கென்று ஒரு ஸ்தூபி நிற்கிறது. பெங்களூரில் பாரசூட் ரெஜிமெண்டுக்குத் தனிப் பொருட்காட்சிசாலையே இருக்கிறது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஸ்தூபி ஊரில் நிற்கும். ஞாபகம் வீட்டில்தான் நிற்க வேண்டும். பொருட்காட்சிசாலைக்குப் போகும் பிள்ளைகள் பீரங்கிக்கு முன் வாய்பிளந்து நிற்பது இயற்கை. காயம்பட்டவனைத் தூக்கிவந்த கட்டிலைக் காட்டி, "இதைச் சுமந்தவனும் வீரன்தான்" என்று சொல்லிக்கொடுப்பது பெரியவர்கள் பொறுப்பு. அதைச் சொல்லாவிட்டால், உயிரை வாங்குவதுதான் வீரம் என்றே அவர்கள் எண்ணிக்கொண்டு வளர்வார்கள்.

கடல் கடந்த தேசத்தார் நம்மவர் ஒருவரின் பெயரை மரியாதையோடு உச்சரிக்கிறார்கள். "அவர் யார்?" என்று நமது குழந்தைகள் கேட்டால், பதில் சொல்ல வீட்டிலே ஒருவராவது இருக்க வேண்டாமா?