வீட்டு வைஃபையும் விலாச ஒழுங்கும்



ஊர்விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று உறவைத் தாங்கி நிற்பது கைப்பேசித் திரையே. உள்ளறைப் பாட்டி ஊரிலுள்ள மகளின் முகம் காண்பதும், தேர்வு எழுதவிருக்கும் பிள்ளை பாடம் கேட்பதும் அதன் வழியாகத்தான். ஆனால் பல வீடுகளில் வைஃபை கூடத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பொருட்டு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டிய அன்பர் சிலர், விளக்கு எரிந்தும் இணையம் வரவில்லை என்று நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டனர். ஒவ்வொரு தடவையும் ஆளை அழைத்துக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இக்கோளாறுக்கு விலாசக் குழப்பமும் ஒரு காரணமாகும்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. அது பிரயாணிக்குப் பெர்த்து எண் போன்றது. எண்களை ஒதுக்கும் குமாஸ்தா ரௌட்டர், அவ்வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஒரே பெர்த்தை இருவருக்குக் கொடுத்தால் விளையும் சச்சரவை ரெயில்வேயிலிருக்கும் நாம் நன்கு அறிவோம். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகம் ஆகியவற்றின் உள் உபயோகத்துக்கென்றே 1996-ஆம் ஆண்டு விதியில் ஒதுக்கப்பட்டவை. ஆகவே நம் வீட்டு எண் அண்டை வீட்டிலும் இருக்கலாம், குற்றமில்லை. ஒரே வீட்டில் இரு கருவிகளுக்கு அமைவதே குற்றம்.

பெரும்பாலான எக்ஸ்டெண்டர்கள் ரௌட்டரிடமிருந்து தாமே எண்ணைப் பெற்றுக்கொள்ளும். அவ்வாறு செவ்வனே இயங்கினால் அதைத் தொடாதிருப்பதே உத்தமம். இயங்காவிடில் பின்வரும் முறையைக் கைக்கொள்க.

முதலாவதாக, கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்றுள்ள எண்ணைக் குறித்துக்கொள்க. அதுவே ரௌட்டரின் விலாசம். அது 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதாக, அவ்வெண்ணைப் பிரௌசரில் இட்டு ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, டி.எச்.சி.பி. எந்த எண் முதல் எந்த எண் வரை ஒதுக்குகிறது என்று காண்க. கடைசி இலக்கம் 2 முதல் 254 வரை என்றிருந்தால், மேல் எல்லையை 199 ஆகக் குறைத்துவிடலாம். எஞ்சியவை நம் கோட்டா.

மூன்றாவதாக, எக்ஸ்டெண்டரின் வைஃபையில் இணைந்து, அதன் பக்கத்தில் ‘ஸ்டாட்டிக்’ என்பதைத் தெரிந்தெடுத்து, ஐ.பி. முகவரி 192.168.1.250, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என நிரப்புக. முதல் மூன்று எண்கள் ரௌட்டருடையவையாகவே இருத்தல் வேண்டும். கடைசி எண் மட்டுமே வேறுபடும். எக்ஸ்டெண்டரில் டி.எச்.சி.பி. இயங்கினால் அதை நிறுத்திவிடுக. ஒரு வண்டிக்கு இரண்டு ஒதுக்கீட்டு அட்டவணை ஆகாது.

சேமித்தவுடன் இணைப்பு சற்று அறுபடும், அஞ்ச வேண்டாம். இனி அப்பக்கத்தைத் திறக்கப் புதிய எண்ணையே இட வேண்டும். அதை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவைப்பது நலம்.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். வைஃபை எட்டாத அறையிலேயே அதை மாட்டிப் பயனில்லை. எட்டாத சமிக்ஞையை அது எங்ஙனம் பெருக்கும்? ரௌட்டருக்கும் அவ்வறைக்கும் நடுவே வைத்திடுக.

இறுதியாக ஒன்று. மாற்றல் உத்தரவு நம்மவரை விடாது துரத்துவது. புதிய ஊரில் புதிய ரௌட்டர் 192.168.0.1 என்றிருப்பின் பழைய எண் அங்கே செல்லாது. அப்போது எக்ஸ்டெண்டரிலுள்ள ‘ரீசெட்’ பொத்தானைக் கருவியோடு வந்த குறிப்பின்படி அழுத்தி, முதலிலிருந்து தொடங்குக. பழுதென்று எண்ணிப் புதிது வாங்கிப் பணத்தை விரயம் செய்யற்க.

இவ்வளவும் அரைமணி வேலை. கணினி அறிந்த பிள்ளைகள் தத்தம் இல்லத்தில் செய்து முடித்தபின், முதியோர் தனித்திருக்கும் பக்கத்து வீட்டிலும் செய்து கொடுப்பார்களாக. பாட்டியர் கூடத்து வாசற்படியில் கைப்பேசியுடன் காத்து நிற்கும் நிலை நம்மவர் வீடுகளில் ஒழியட்டும்.