கனவு வண்டிப் பட்டியலில் நம் வண்டி எங்கே?

கார் பிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நிறுவனம் எந்த வண்டியைத் தயாரிக்க வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். கான்டெஸா மின்சார வண்டியாகத் திரும்பி வர வேண்டும், மூன்று கதவு ஜிம்னியை இந்தியாவிலும் விற்க வேண்டும், பத்து லட்சத்துக்குள் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று அது நீளும். நம் மாணவர்களும் இதை ஆர்வமாகப் பேசுகிறார்கள். பேசட்டும். "உனக்கெதுக்கு கார் ஆசை?" என்று நம் பிள்ளைகளுக்கு மட்டும் அறிவுரை சொல்கிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஏனென்றால் வண்டி என்பது நமக்கு வெறும் பயண வசதியாக இருந்ததில்லை. 1901ல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கருக்கும் உடன் வந்த பிள்ளைகளுக்கும் மாட்டுவண்டி ஓட்ட ஒருவரும் வரவில்லை. இரண்டு பங்கு கூலி தருவதாகச் சொன்ன பிறகும், பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்றுதான் முடிவானது. 1929ல் அவர் பாரிஸ்டராக, அரசுக் குழுவின் உறுப்பினராக சாலிஸ்கான் போனபோதும் டோங்கா ஓட்டுநர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி, வண்டி பாலத்தில் விபத்துக்குள்ளாகி, அவருக்குக் கால் முறிந்தது. நம் பக்கத்து ஊர்களிலும் சைக்கிளில் வந்தவர் ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதையை நம் தாத்தாக்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே நம் பிள்ளை ஒரு வண்டியை ஆசையாகப் பார்ப்பதில் தப்பே இல்லை.

நமது கேள்வி வேறு. யாருடைய ஆசை தொழிற்சாலைக்குப் போய்ச் சேருகிறது?

டாடா சியரா 1991ல் வந்து 2003ல் நின்றுபோனது. பிரியர்கள் அதை மறக்கவில்லை. 2020 வாகனக் கண்காட்சியில் அதே பெயரில் ஒரு மாதிரி வண்டி வைத்தார்கள், 2025 நவம்பரில் சியரா மறுபடி விற்பனைக்கே வந்துவிட்டது. ஜிம்னியும் அப்படித்தான். பல வருடம் கேட்டார்கள், 2023 ஜூனில் ஐந்து கதவோடு வந்தது. வாங்கும் சக்தி உள்ளவர்கள் கேட்கும்போது கம்பெனிகளின் காது திறந்துதான் இருக்கிறது.

ஏழைகளுக்காக ஒருமுறை கனவு கண்டார்களே, நானோ, அதைச் சொல்ல மாட்டீர்களா என்று சிலர் கேட்கலாம். சொல்லியே ஆக வேண்டும். ஒரே ஸ்கூட்டரில் மழையில் போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை அது. 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தக் காருக்காக மேற்கு வங்கம் சிங்கூரில் எடுக்கப்பட்டது 997 ஏக்கர். பட்டா இல்லாமல் குத்தகைக்கு உழுதவர்களும் நிலக்கூலிகளும் அங்கே கணக்கிலேயே சரியாக வரவில்லை. போராட்டம் வலுத்து ஆலை குஜராத்துக்குப் போனது. அந்த நிலம் எடுத்தது செல்லாது என்று 2016ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் கடைசியில் என்ன ஆனது? 2018 ஜூன் மாதம் முழுவதும் தயாரானது ஒரே ஒரு நானோ. 'மலிவான கார்' என்று விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். வாசலில் நிற்கும்போதே 'இவன் ஏழை' என்று ஊருக்கு அறிவிக்கும் வண்டியை எந்த ஏழையும் கடன் வாங்கி வாங்க மாட்டார். அந்தக் குடும்பத்தின் சிரமத்தைப் பார்த்தார்கள், அவர்களின் மானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, நம் ஆட்களைக் கேட்டால் எந்த வண்டியைச் சொல்வார்கள்?

களப்பணிக்குப் போகும் ஊர்களில் விடியற்காலையில் நாங்கள் பார்ப்பது குட்டி யானைகளைத்தான். நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் டயர் மேல் கால் வைத்து ஏறி, பின்னால் இருபது இருபத்தைந்து பேர் நின்றுகொண்டு போகிறார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் தோள். அது ஆள் ஏற்றும் வண்டி அல்ல, சரக்கு வண்டி. கவிழ்ந்தால் உயிர் போவதோடு முடிவதில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரப் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கூலிக்குப் போய் இறந்த பெண்ணின் குடும்பம் அதற்கப்புறம் வண்டி உரிமையாளரின் பின்னால் அலைய வேண்டும்.

இந்தப் பெண்களின் கனவு வண்டியை எழுதிப் பார்ப்போம். சேலையோடு ஒரு பாட்டி ஏறக்கூடிய உயரத்தில் படி. பதினாறு பேருக்காவது முன்பக்கம் பார்த்த இருக்கை, ஒவ்வொன்றுக்கும் பெல்ட். அரிவாள், மண்வெட்டி, தூக்குவாளி வைக்கத் தனிப் பெட்டி. காலனித் தெருவிலும் களத்துமேட்டுப் பாதையிலும் நுழையும் அகலம். மகளிர் குழு தவணை கட்டக்கூடிய விலை. ஓட்டுவதும் அந்தக் குழுவில் ஒரு பெண்ணாக இருக்கட்டும்.

ஆள் ஏற்றுவதற்கென்றே டாடா மேஜிக் 2007லேயே வந்துவிட்டதே என்பார்கள். வந்தது. ஏழெட்டுப் பேர் போகும் வண்டி அது. இருபது பேரை வயலில் இறக்க வேண்டிய மேஸ்திரி மூன்று மேஜிக் பிடிப்பாரா, ஒரே குட்டி யானையில் அள்ளிப் போடுவாரா? வண்டிக் கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அவருக்கு மிச்சம். அதனால் வண்டி மட்டும் வந்தால் போதாது. வேலைக்குக் கூப்பிடுகிறவரே பயணிகள் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி வேண்டும். தாட்கோ மானியக் கடனில் இந்த வகை வண்டியைக் குழுவாக வாங்க வழி வேண்டும். இவை இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று கம்பெனிக்கும் புரியும்.

நடக்கிற காரியமா என்று சந்தேகம் வேண்டாம். சென்னையில் தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஆகஸ்டில் அந்தப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. இன்று அதில் சக்கர நாற்காலி மட்டும் ஏறவில்லை. கர்ப்பிணியும் மூட்டுவலிக்காரரும் கைக்குழந்தைக்காரியும் சுலபமாக ஏறுகிறார்கள். டெல்லியில் 2019ல் குறுகலான சந்துக்குள் நுழையும் சாக்கடை சுத்தம் செய்யும் வண்டிகள் 200 இறக்கப்பட்டன. மனிதர் குழிக்குள் இறங்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தும் சாவு நிற்காத நாட்டில், அந்த வண்டிக்காகவும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் கான்டெஸா பட்டியலை யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. அதே பேனாவால் இன்னொரு பட்டியலையும் எழுதுங்கள். பொறியியல் படிப்பவர்கள் இந்த வண்டியை இறுதியாண்டு ப்ராஜெக்டாக வரையலாம். சட்டம் படிப்பவர்கள் காப்பீட்டுச் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். வரைவதற்கு முன் ஒருநாள் விடியற்காலை உங்கள் ஊர் அக்காமாரிடம் போய், எந்த உயரத்தில் படி வேண்டும் என்று கேளுங்கள். நானோவுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. அடுத்த கிராம சபையில் அந்தப் பெண்களே எழுந்து இந்தக் கோரிக்கையை வைக்கட்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை நாம் கூட நிற்போம்.

ஜெய் பீம்.