கச்சான் எழுமுன்னே

கடற்கரை ஊரிலே பிறந்து, இரவெல்லாம் கடலோசை கேட்டு வளர்ந்தும், பத்தொன்பது வயது வரை கடலிலே கால் நனைக்காத பெண் ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இருக்கிறாள். என் தமக்கையின் மகள், ஊர் திருக்கோவில். அவள் பிறப்பதற்கு முன்னரே, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலையில், கடல் வீட்டுக்குள் வந்து அவளுடைய தமையனைக் கொண்டு சென்றது. அவனுக்கு அப்பொழுது ஆறு வயது. பின்னர் உள்ளே தள்ளிப் புதிய வீடு கட்டினார்கள். அக்கா அன்று தொட்டுக் கடற்கரைப் பக்கம் சென்றதில்லை, மகளையும் விட்டதில்லை.

அந்தப் பெண்தான், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த நாளில், என்னிடம் வந்து, "மாமா, நான் அறுகம்குடாவுக்குப் போய் அலைச்சறுக்குப் பழகப் போகிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள்.

நான் புவியியல் கற்பிப்பவன். பருவக் காற்றைப் பற்றிக் கரும்பலகையில் அம்புக்குறி இடுவது என் தொழில். ஆனால் தமக்கையிடம் சென்று இதைச் சொல்வதற்கு எந்த அம்புக்குறியும் உதவாது. ஆகவே, கேட்பதற்கு முன் பிரயாணத்தைச் செவ்வையாகத் திட்டமிட்டுக் கொள்வோம் என்று முடிவு செய்தேன். அந்தத் திட்டத்திலே நான் அறிந்து கொண்டவை, பிள்ளைகளோடு அப்பக்கம் செல்ல எண்ணும் குடும்பத்தினருக்குப் பயன்படலாம் என்பதால் இவ்வாரம் எழுதுகிறேன்.

அறுகம்குடாவின் பருவகாலம் சித்திரைக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை செல்லும். உச்சம் ஆனி, ஆடி, ஆவணி. அந்த மாதங்களில் உலகத்தின் பல திக்கிலிருந்தும் பலகையும் கையுமாக வந்து இறங்குகிறார்கள். விடுதி வாடகை ஏறும். பழகுவோருக்கு உகந்த சிற்றலைத் துறையிலே ஆளோடு ஆள் மோதும். ஓர் ஆசிரியனுடைய சம்பளத்துக்கும், முதன்முறையாகப் பலகையில் ஏறும் பெண்ணுக்கும் அது ஏற்ற காலமன்று. அப்படியாயின் பருவத்துக்குப் புறம்பான மாதங்களில் எதைத் தெரிவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "கூட்டமில்லாத காலம்" என்று கேட்டவுடன் மார்கழி விடுமுறையைத் தெரிந்து, வாடைக்காற்றுக்கும் அடைமழைக்கும் நடுவே போய் நின்று, பூட்டிய விடுதிகளைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன். ஆசிரியப் பழக்கம், பொறுத்தருள வேண்டும்.

நம் தீவுக்கு வந்து சேரும் பேரலைகள் நம் கடலிலே பிறந்தவை அல்ல. தெற்கே, நாற்பது ஐம்பது பாகை அகலக்கோடுகளில், குளிர்காலப் புயல்கள் இந்து சமுத்திரத்தின் அடிப்புறத்தைக் கடைகின்றன. அங்கே குளிர்காலம் என்பது நமக்கு வைகாசி முதல் ஆவணி வரை. அங்கெழும் அலைகள் ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் பிரயாணஞ் செய்து நம் கரைக்கு வருகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பதினைந்து விநாடி உள்ள அலைத்தொகுதி, ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் நகரும். எனவே இன்று தெற்கே வீசும் புயலின் அலை ஐந்து ஆறு நாளில் பொத்துவிலுக்கு வந்து சேரும். இது பள்ளிக்கூடக் கணக்கு.

அலை வந்தால் மட்டும் போதாது. காற்றும் ஒத்துழைக்க வேண்டும். தென்மேல் பருவக் காற்றை யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பர்; மட்டக்களப்புப் பக்கத்தார் கச்சான் என்பர். அக்காற்று மேற்குக் கரையில் கடலிலிருந்து தரையை நோக்கி வீசி அலையைச் சிதைத்துவிடும். மலைநாட்டிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய்க் கிழக்குக் கரையை அடையும்பொழுது அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வரும் அலையின் முகத்தை எதிரே நின்று தாங்கிப் பிடிக்கிறது. அறுகம்முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் புகும் அலை, ஒரே சீராக, ஒரு பக்கமாகவே உடைந்துகொண்டு ஓடுவதற்கு இதுதான் காரணம். கார்த்திகை முதல் பங்குனி வரை நிலைமை மாறிவிடும். அப்பொழுது ஹிக்கடுவை, வெலிகமைப் பக்கத்துக்குக் காற்று நண்பன், அறுகம்குடாவுக்குப் பகைவன். மார்கழியிலே தான் விடுமுறை கிடைக்கும் என்போர் தெற்கே செல்வதே முறை. ஆனால் அங்கே அதுவே உச்ச காலம். செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

ஆகவே கிழக்கில் மிஞ்சுவன இரண்டு இடைவெளிகள். ஒன்று, வாடை ஓய்ந்து கச்சான் எழுவதற்கு முந்திய பங்குனி இறுதியும் சித்திரையும். மற்றையது, கச்சான் தளரும் புரட்டாதி. கைதேர்ந்தவர்களுக்குப் பின்னையதே சிறந்தது. 2019ஆம் ஆண்டு உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் போட்டி இங்கே செப்டெம்பர் மாதத்தில்தான் நடைபெற்றது. ஆனால் புரட்டாதியைத் தாண்டி ஐப்பசி, கார்த்திகை என்று நீட்டுவது அபாயம். வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம் அது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை எவருமே மறந்திருக்க முடியாது.

பழகப் போகும் பெண்ணுக்குச் சித்திரையே நன்று என்று கண்டேன். அலை சிறிது, காலையில் காற்று இல்லை, பிற்பகலில் மட்டும் இடிமுழக்கத்தோடு மழை பெய்யலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். புத்தாண்டு விடுமுறையில் நம் நாட்டவர் கூட்டங் கூட்டமாகக் கிழக்குக் கரைக்கு இறங்குவர். பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்கும் புத்தாண்டுக்கும் இடையே கிடைக்கும் சில நாளையே நான் தெரிந்துகொண்டேன்.

இத்தனையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு திருக்கோவிலுக்குச் சென்றேன். ஆழிப் பேரலைக்கும் சாதாரண அலைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் விளக்கினேன். சாதாரண அலை பத்துப் பதினைந்து விநாடிக்கொருமுறை வந்து போவது; மேற்பரப்பிலே ஓடுவது. ஆழிப் பேரலையோ கடலின் அடிவரைக்கும் சேர்ந்து அசைவது. ஒன்று வந்து மற்றொன்று வரப் பல நிமிடங்கள் செல்லும். அதைப் பிறப்பிப்பது காற்றல்ல, நிலநடுக்கம் என்று படம் வரைந்து காட்டினேன்.

அக்கா கொப்பியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, எனக்குக் கணக்கு வேண்டாம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?" என்றார்.

"நான்."

"உனக்கு நீந்தத் தெரியாது."

உண்மை. இருபத்தைந்து ஆண்டாகக் கடல் நீரோட்டங்களைக் கற்பித்து வருகிறேன், நீச்சல் தெரியாது. சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. பின்பு மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: அறுகம்குடாவிலே 2018ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் இருக்கிறது, நாட்டில் அதுவே முதலாவது, குடும்பப் பெண்கள், தாய்மார்கள் கூட அதில் இருக்கிறார்கள், கற்பிப்பவளும் பெண்ணாகவே இருப்பாள் என்று. அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனார். தேநீரோடு திரும்பி வந்து, "நானும் வருவேன். எனக்குப் போதும் என்று தோன்றினால் அந்த நிமிடமே திரும்பி விட வேண்டும்" என்றார்.

அதுதான் எங்கள் பிரயாண ஒப்பந்தம்.

கொழும்பிலிருந்து செல்வோருக்கு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியே பொத்துவில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். மாலைப் பொழுதுக்கு முன் லகுகலையைக் கடந்துவிடுமாறு சொல்லுவேன். யானைகள் பாதைக்கு வரும் இடம் அது. புகைவண்டியை விரும்புவோர் மட்டக்களப்பில் இறங்கி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பஸ்ஸில் வரலாம். எங்களுக்குத் திருக்கோவிலிலிருந்து குறுகிய பயணமே. பொத்துவிலில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தால் மூன்று கிலோமீற்றர்.

இடையிலே களப்பின் மேல் ஒரு பாலம் உண்டு. பழைய பாலம் 2004இல் சிதைந்தது. இப்பொழுதுள்ளது அமெரிக்க உதவியோடு கட்டி 2008இல் திறக்கப்பட்டது. வண்டி பாலத்தில் ஏறியபொழுது அக்கா என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். கடந்த பின்பும் விடவில்லை.

பருவத்துக்கு முன் போவதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கிய விடுதியில் பாதி அறைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் நீர்ப்பம்பி வேலை செய்யவில்லை. சாப்பாட்டுக் கடைகள் பல திறக்கவில்லை. பொத்துவில் பட்டணத்துக்குப் போய்ச் சாப்பிட்டோம். பொத்துவில் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். நோன்பு மாதத்தில் செல்வோர் பகலுணவுக்கு முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, "திறந்திருக்கிறதா?" என்று மட்டுமன்றி, "தண்ணீர் வருகிறதா? சமையல் உண்டா? பலகை வாடகைக்குக் கிடைக்குமா?" என்று தனித்தனியாகக் கேட்பது நலம். உடைக்குக் கவலை வேண்டாம். கடல் நீர் எப்பொழுதும் வெதுவெதுப்பானது. முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையுமான நீராடை வெயிலையும் தடுக்கும், தாய்மாரின் மனத்தையும் ஆற்றும்.

இன்னொன்று, அலையே இல்லாதிருக்கலாம். உச்ச காலத்தில் தெற்கே புயலுக்குப் பின் புயல் வந்துகொண்டிருக்கும். சித்திரையில் இடைவெளி விழும். முதல் இரண்டு நாளும் கடல் குளம்போலக் கிடந்தது. பயிற்றுவித்த பெண் பாணமைப் பக்கத்தவள்; அவள் அதற்காக வருந்தவில்லை. பலகை மேல் குப்புறப் படுப்பது, கையால் வலிப்பது, விழுந்தால் தலையைக் கையால் மூடிக்கொள்வது, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக விலகி வருவது ஆகியவற்றை அந்த இரண்டு நாளில் கற்பித்தாள். அக்கா தென்னை நிழலில் ஒரு பாயில், கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். மகள் நீரில் இருக்கும்போது கண்ணால் பாராமல் காதால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாட்களை இறுக்கமாகக் குறிக்காதிருப்பதே பருவத்துக்குப் புறம்பான பிரயாணத்தின் முதல் விதி. புறப்படுமுன் வானிலைப் படத்தில் தெற்கே ஒரு புயலைக் கண்டு, செவ்வாய்க்கிழமை அலை வரும் என்று நான் கணித்திருந்தேன். வந்தது புதன் விடியலில். இடுப்பளவு உயரம், குடாவின் உட்புறத்தில் மென்மையாக உருண்டு வந்தது. முனையிலே, பாறைத் திட்டின் மேல், பெரிதாக உடைந்தது. அங்கே பழகாதவர்கள் போகவே கூடாது. பவளப் பாறையும் கடல் முள்ளெலியும் காலைக் கிழித்துவிடும்.

முனைக்குத் தெற்கே 'பீனட் பாம்' என்று பிறநாட்டார் அழைக்கும் துறை ஒன்றுண்டு. நம் நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதானே பெயர்! காற்றும் கச்சான், கடலையும் கச்சான். அப்பாதையே தெற்கே உகந்தை முருகன் சந்நிதிக்குச் செல்வது; கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் தங்கிப் போகும் இடம். அவர்கள் போகும் ஆனி, ஆடியிலேயே அலைச்சறுக்காரும் அங்கே வருகிறார்கள்.

புதன்கிழமை காலை மருமகள் பதினொரு முறை விழுந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் முறை எழுந்து நின்றாள். மூன்று விநாடி இருக்கும். பின்பு பக்கவாட்டில் சரிந்து நீருக்குள் மறைந்தாள். பலகை மட்டும் தனியே மிதந்தது.

"எங்கே?" என்று பின்னால் குரல் கேட்டது. அக்கா எழுந்து, திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொல்வதற்குள் நீரை நோக்கி ஓடினார். இருபது ஆண்டுக்கு மேல் கால் வைக்காத நீர். முழங்கால் வரை சென்று, சேலை நனைய நின்றார். மருமகள் நீரிலிருந்து தலையை உயர்த்தி, சிரித்துக்கொண்டே கையை அசைத்தாள்.

அக்கா உடனே திரும்பவில்லை. அடுத்த சிற்றலை வந்து அவருடைய முழங்காலைத் தொட்டுச் சென்றது. அதன் பின் இன்னொன்று. "போதும் என்று தோன்றினால் திரும்ப வேண்டும்" என்ற ஒப்பந்தத்தை நினைத்து நானும் அருகே சென்று நின்றேன். அவர் அவனுடைய பெயரை ஒருமுறை சொன்னார். என்னிடம் அல்ல.

மதியம் சேலை உலரும்வரை நிழலில் இருந்தோம். பின்னேரம் மழை வந்தது. பிரயாணம் முடியும் நாளில், விடுதிக்காரருக்குப் பணம் கொடுக்கும்பொழுது, அக்கா முன்னே வந்து, "தம்பி, புரட்டாதியில் அறை என்ன விலைக்கு வரும்?" என்று கேட்டார்.