கரிக்கும் உண்டு காலக்கெடு!

மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிறார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் தேதி பார்க்கிறார்கள். பால் பாக்கெட்டில் நேற்றைய தேதி இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கே போகிறார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்குகிற தண்ணீர் பில்டருக்குள் கரி எப்போது போட்டது என்று கேட்டால், சென்னையில் எத்தனை பேர் சட்டென்று பதில் சொல்வார்கள்?

"அதுவா... பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி மாட்டினது. தண்ணி நல்லாத்தானே வருது!" - இப்படித்தான் பதில் வரும்.

தண்ணி வரும். கரி வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

நாலரை கிரவுண்டு!

இது இஸ்திரிப் பெட்டியில் போடுகிற கரி அல்ல. கொட்டாங்கச்சியைக் காற்று அதிகம் படாமல் கரியாக்கி, பிறகு 900 டிகிரி அளவு சூட்டில் நீராவி பாய்ச்சி எடுக்கிறார்கள். காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் கொட்டாங்கச்சிக் கரி பெரிய தொழில்.

நீராவி பாய்ந்ததும் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் விழுகின்றன. ஒரே ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு!

கெட்ட வாடை, சாயம், பூச்சிமருந்து எல்லாம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் நெடியும் போய்விடும். காற்றிலும் இதே வேலைதான். முதல் உலகப் போரில் 1915-ல் விஷ வாயு வீசப்பட்ட பிறகு வந்த முகமூடிகளில் கொட்டாங்கச்சிக் கரியையும் அடைத்தார்கள்.

"இடமில்லை!"

நாலரை கிரவுண்டும் ஒருநாள் நிரம்பத்தானே செய்யும்? சாயங்காலத் தாம்பரம் ரயில் மாதிரி. உள்ளே இடம் இல்லை என்றால் வந்தவர் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். கரி நிரம்பிவிட்டால் அழுக்கு மட்டும் நிற்பதில்லை. நேராக டம்ளருக்கு வந்துவிடும்.

அதோடு போகவில்லை. குளோரின் போன தண்ணீர் மாசக்கணக்கில் ஊறுகிற பழைய கரி, கிருமிகள் குடித்தனம் நடத்த நல்ல இடம். கரி கிருமியைக் கொல்லாது. சந்தேகம் இருந்தால் காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, "பாருங்க சார், நம்பர் கம்மி, கரி நல்லாயிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் அளவை. உப்பைக் கரி பிடிப்பதே இல்லை! கரி நிரம்பியதா இல்லையா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது.

சிலர் கரியைக் கழுவி மொட்டை மாடியில் காய வைக்கிறார்கள். தூசு போகும், துளைக்குள் ஒட்டியது போகாது. அதை எடுக்கத் தொழிற்சாலை உலைச் சூடு வேண்டும். சென்னை வெயில் போதாது!

என்ன செய்யலாம்?

குழாயில் வரும் குளோரின் நெடி பில்டர் தண்ணீரிலும் வந்தால் கரி முடிந்தது என்று அர்த்தம். போர் தண்ணீரில் அந்த அடையாளமும் கிடையாது. ஆகவே ஒரே வழி தேதிதான். கரி போட்ட அன்றே பில்டர் மேல் தேதி எழுத வேண்டும். கூட வந்த தாளில் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை மாதத்தில் மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று தள்ளிப் போட்டால், ஆர்.ஓ. மெஷினில் சவ்வையும் குளோரின் அரித்துவிடும். அது இன்னும் பெரிய செலவு.

வீட்டில் இருப்பவர் எழுதிக்கொள்ளலாம். ஓட்டல், மெஸ், பள்ளிக்கூடம், ஆபீஸ், ஸ்டேஷனில் பில்டர் தண்ணீர் குடிப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? அங்கெல்லாம் கரி மாற்றிய தேதியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதம், ஒரு பேனா. இதற்கு மேல் செலவு இல்லை.

வெள்ளைச் சட்டையில் அழுக்கு பட்டால் தெரியும். கரி எப்போதும் கறுப்பு. அதில் ஏறிய அழுக்கு கண்ணுக்குத் தெரியாது, காலண்டருக்குத்தான் தெரியும்!