பாட்டுக்குக் கூலி எங்கே?

2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டைக் கேட்காத பட்டாசுத் தொழிலாளி சிவகாசியில் இருக்கமாட்டார். அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியது. இசை சந்தோஷ் நாராயணன். மின்னணுத் தாளத்தின் நடுவே நம் ஊர் ஒப்பாரி ஒலிக்கிறது!

அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அப்படி உழைத்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். தொழிலாளியை எவரும் கேட்கவில்லை. ‘எஞ்சாமி’ என்பது கூலியாள் பண்ணையாரிடம் கைகட்டிச் சொன்ன சொல். அதையே பாட்டிமார் பேரனைக் கொஞ்சவும் வைத்துக்கொண்டார்கள். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பலன் யாருக்கு? 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இப்பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. மருந்து அடைத்த கை பட்டாசு லேபிளில் இல்லாததைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இப்பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

நமக்குப் பீஸ் ரேட்டாவது உண்டு, அதுவும் அரைவயிற்றுக்கு. பாட்டைக் கோடிக்கணக்கான தடவை கேட்டதை யூடியூப் எண்ணி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பாடியவர் கூலி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.