சத்தமில்லாமல் நின்றுபோன நிரல்கள்

2024 ஜூலையில் வந்த குரோம் 127, பக்கத்தின் மாற்றங்களை அறிவித்துவந்த பழைய மியூட்டேஷன் ஈவென்ட்டுகளை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. அவற்றில் ஒன்றான ‘டாம்நோட்இன்சர்ட்டட்’டை நம்பிய நிரல்களுக்கு அதோடு சரி. நிரல் எந்த எக்செப்ஷனையும் வீசாது. லிசனர் ஒழுங்காகப் பதிவாகும், அழைப்புதான் வராது. வாடிக்கையாளர் சொன்ன பிறகே பலருக்குத் தெரியும்.

நிறுத்தியது நியாயம்தான். பட்டியலில் 200 வரிகள் சேர்ந்தால், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் புகுந்து 200 முறை ஓடிய நிகழ்வு அது. 2012இலேயே குரோமும் ஃபயர்பாக்ஸும் கொண்டுவந்த மியூட்டேஷன் அப்சர்வர் மாற்றங்களைச் சேர்த்துவைத்து, நடப்பு நிரல் முடிந்ததும், திரையில் வரைவதற்கு முன் மொத்தமாகக் கொடுக்கிறது.

ஆனால் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் வேலை முடியாது. அப்சர்வர் தரும் ‘ஆடட்நோட்ஸ்’ பட்டியலில் வருவது சேர்க்கப்பட்ட கிளையின் தலைக்கணு மட்டுமே. ஒரு டிவ்வுக்குள் படம் இருக்கிறது என்றால் டிவ்தான் வரும். படத்தை ‘குவெரிசெலக்டர்ஆல்’ போட்டு நாம்தான் தேட வேண்டும். அந்த டிவ்வே நாம் தேடுவதாக இருந்தால் ‘மேட்சஸ்’ கொண்டு தனியாகப் பார்க்க வேண்டும். கூடவே, டேக்குகளுக்கு இடையிலுள்ள வெற்றுவரி டெக்ஸ்ட் கணுவாக வந்து நிற்கும். அதன்மேல் ‘குவெரிசெலக்டர்ஆல்’ அழைத்தால் டைப்எர்ரர். மீதிக் கணுக்கள் அப்படியே விடுபட்டுப்போகும். கணு எலிமென்ட்தானா என்று முதலில் பாருங்கள்.

கால்பேக்குக்குள் அதே பகுதியில் நாம் ஒன்றைச் சேர்த்தால் அப்சர்வர் மறுபடி விழித்துக்கொள்ளும், மறுபடி சேர்க்கும், டேப் உறைந்துபோகும். தொட்ட கூறில் ஒரு டேட்டா பண்பை அடையாளமாக வைத்துவிட்டால் இந்தச் சுழல் வராது.

இத்தனைக்கும் முன், அப்சர்வர் தேவைதானா? புதிய பட்டனில் கிளிக் வேலை செய்யவில்லை என்றால், தாய்க்கூறில் ஒரே லிசனர் வைத்தால் போதும். ஜேகுவெரியின் ‘லைவ்’ 1.9இல் நீக்கப்பட்டபோது ‘ஆன்’ கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். தோற்றம் மட்டும் மாற வேண்டுமா, சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். கூறைச் சேர்ப்பதே நம் நிரல் என்றால் சேர்க்கும் இடத்திலேயே மாற்றுங்கள். தானே சேர்த்துவிட்டுத் தானே ஒளிந்திருந்து பார்ப்பது வேடிக்கை. நம் கையில் இல்லாத ஸ்கிரிப்ட் கூறுகளைச் செருகும்போதுதான் அப்சர்வருக்கு உண்மையான வேலை. அப்போதும் ‘டாக்குமென்ட்.பாடி’ முழுவதையும் ‘சப்ட்ரீ’யோடு கண்காணிப்பது சோம்பேறித்தனம். குறிப்பிட்ட கொள்கலனை மட்டும் பாருங்கள். எதிர்பார்த்தது வந்ததும் ‘டிஸ்கனெக்ட்’ செய்யுங்கள்.

இந்த வாரமே உங்கள் களஞ்சியங்களில் ‘டாம்நோட்இன்சர்ட்டட்’, ‘டாம்சப்ட்ரீமாடிஃபைடு’ என்ற இரண்டு ஈவென்ட் பெயர்களையும் தேடுங்கள். எப்போதோ இறக்கி வைத்த பழைய பிளகின் கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.