அப்பாவின் விண்ணப்பம், மருமகனின் இ-மெயில்

பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கிறார்கள் அப்பாவும் அம்மாவும். விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஓடிப்போன பிறகு, ‘இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்களேன்ப்பா’ என்கிறார் மகள். மருமகன் லேப்டாப்பைத் திறக்கிறார். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில், தன் இ-மெயிலைப் போட்டு மாமனார் பெயரில் ஓர் அக்கவுன்ட். தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 படிவத்தை நிரப்பி, கையெழுத்து கேட்ட இடத்தில் மாமனாரின் பெயரை இவரே டைப் செய்து, கார்டில் பணமும் கட்டிவிட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. ரயில் டிக்கெட்டிலிருந்து கேஸ் புக்கிங் வரை எல்லாமே பிள்ளைகளின் போனில்தானே ஓடுகிறது? ஆனால், இந்தத் தளத்தில் ‘உள்ளே இருப்பது யார்’ என்பது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். டைப் செய்த அந்தப் பெயர், ‘இதில் உள்ளதெல்லாம் உண்மை’ என்று விண்ணப்பதாரரே சட்டப்படி கொடுக்கும் உறுதிமொழி. நாளைக்கு ஒரு பதில் தவறு என்று கேள்வி வந்தால், அது மாமனாரின் தலையில்தான் விடியும்.

இந்தத் தளத்தில் விண்ணப்பதாரருக்கு ஒரு வகை அக்கவுன்ட், சட்டப் பிரதிநிதிக்கு வேறு வகை. பிரதிநிதி என்றால் உறவினரோ நண்பரோ இல்லை. அமெரிக்காவில் பதிவுபெற்ற வழக்கறிஞர் அல்லது அந்நாட்டு நீதித் துறையின் அங்கீகாரம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட சேவை அமைப்பில் பணியாற்றுபவர். நம்மூரில் மட்டும் பதிவு செய்த வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அமெரிக்காவுக்குள் போடும் இந்த விண்ணப்பத்துக்குப் பிரதிநிதியாக முடியாது.

வக்கீல் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? அவர் தன் அக்கவுன்ட்டில் நுழைந்து, ‘இவருக்காக நான் ஆஜராகிறேன்’ என்று சொல்லும் ஜி-28 படிவத்தையும் உங்கள் விண்ணப்பத்தையும் தயார் செய்வார். பிறகு உங்களுக்கு ஒரு பாஸ்கோடு வரும். நீங்கள் உங்கள் சொந்த அக்கவுன்ட்டில் அதைப் போட்டால், அவர் எழுதியதெல்லாம் உங்கள் திரையில் விரியும். படித்துப் பார்த்து, சரி என்றால் கையெழுத்திடலாம். தப்பாக இருந்தால் கையெழுத்திடாமல் திருத்தச் சொல்லலாம். நீங்கள் கையெழுத்திட்ட பிறகுதான் வக்கீல் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்ப முடியும். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். கட்டணம் வாங்கிய வக்கீலாலும் உங்களைத் தாண்டிப் போக முடியாது!

ஆகவே, உங்கள் பாஸ்வேர்டு எந்த வக்கீலுக்கும் தேவையே இல்லை. ‘லாகினைக் கொடுங்க, கையெழுத்தையும் நாங்களே போட்டுக்கிறோம்’ என்று யாராவது சொன்னால், அவர் பெயரில் ஜி-28 இருக்கிறதா என்று கேளுங்கள். பல ‘விசா கன்சல்டன்ட்’கள் அங்கேயே நழுவிவிடுவார்கள்.

எச்-1பி விஷயத்தில் இன்னும் உஷார். அந்தப் பதிவை வேலை தரும் நிறுவனமோ அதன் வக்கீலோதான் செய்ய முடியும். 2024 முதல் நிறுவனங்களுக்கென்றே தனி அக்கவுன்ட் வந்துவிட்டது. வேலை தேடுகிறவர் தானே உள்ளே போய்ப் பதிவு செய்ய வழியே கிடையாது. ‘உன் பேர்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி லாட்டரில போட்டுடறேன் தம்பி’ என்று பணம் கேட்பவரிடம், எந்த நிறுவனம் என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படியென்றால் மருமகன் உதவவே கூடாதா? தாராளமாக உதவலாம். மாமனாரின் இ-மெயிலில் அவருக்கே ஓர் அக்கவுன்ட் தொடங்கி, பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைத் தமிழில் சொல்லலாம். அவர் சொல்லும் பதில்களை டைப் செய்யவும் செய்யலாம். படிவத்திலேயே மொழிபெயர்த்தவருக்கு ஒரு பகுதி, தயாரித்துக் கொடுத்தவருக்கு ஒரு பகுதி உண்டு. மருமகன் பெயர் வரவேண்டிய இடம் அதுதான். கையெழுத்துக் கட்டத்தில் மட்டும் மாமனாரின் விரல்தான் பட வேண்டும். அந்த வயதில் புது பாஸ்வேர்டா என்று அலுத்துக்கொள்வார். இருக்கட்டும், டைரியில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

தேதியில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் காலாவதி தேதியை அல்ல. ஐ-94 பதிவில் உள்ள தேதியை. அது முடிய 45 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறது யுஎஸ்சிஐஎஸ். பாதியில் நிறுத்திய படிவத்தை 30 நாள் தொடாமல் விட்டால் அழிந்தும் போகும்.

ஏற்கெனவே வேறொருவர் இ-மெயிலில் அனுப்பியாகிவிட்டது என்றால், முதலில் ரசீது எண்ணை வாங்குங்கள். மூன்று எழுத்து, பத்து எண்கள். ஆன்லைனில் போட்டதென்றால் பெரும்பாலும் ஐஓஇ என்று தொடங்கும். அதை வைத்து, லாகின் இல்லாமலேயே யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் நிலவரம் பார்க்கலாம். ‘கூடுதல் ஆவணம் அனுப்பு’ என்று துறை கேட்டிருந்தால் அதற்குக் கெடு உண்டு. பதில் போகாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். எண்ணைத் தர ஏஜென்ட் மழுப்பினால், மறுநாளைக்குத் தள்ளாமல் ஜி-28 போடத் தகுதியுள்ள ஒருவரைப் பாருங்கள்.